கழித்துப் போட்ட புள்ளிகள்

“இந்தப் புள்ளி உதவாது சித்தப்பா, இதுல பின்னல் இல்ல.” அண்ணன் மகள் போகிறபோக்கில் சொன்னது. இதில் முதல் பாதியோடு எனக்கு வழக்கு கிடையாது. ஒரு பொருள் உதவுமா உதவாதா என்பதை அதோடு மாரடிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதிதான் உறுத்தியது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம், என்னால் எடுக்க முடியவில்லை என்று சொல்லலாம். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல என்ன ஆதாரம்? அவள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் குறைகடத்திக் குவாண்டம் புள்ளிகளிலிருந்து பின்னிய ஃபோட்டான் ஜோடிகளை எடுக்கும் ஆய்வில் இருக்கிறாள். பின்னல் (entanglement) என்றால், இரண்டு ஃபோட்டான்களில் எதற்கும் தனியாக ஒரு நிலை இல்லாமல், ஜோடிக்குச் சேர்த்து மட்டும் ஒரு நிலை இருப்பது. விடுமுறைக்கு பெங்களூரு வந்தால் பாதி நாள் அல்சூரில் எங்கள் வீட்டில்தான். நான் பீன்யா பக்கம் ஒரு கருவி நிறுவனத்தில் நேரத்தை அளக்கும் மின்சுற்றுகள் செய்கிறவன். ஒரு துடிப்பு வந்தது, அடுத்தது வந்தது, நடுவில் எத்தனை பிக்கோசெகண்ட் (நானோசெகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்லும் பெட்டி. இந்தத் தொழிலில் இருப்பவனுக்குக் கேபிளின் நீளமே நேரம்தான். கோஆக்சியல் கேபிளில் 20 சென்டிமீட்டர் கூடினால் ஒரு நானோசெகண்ட் தாமதம். கனெக்டரைச் சரியாக முறுக்காமல் விட்டால்கூட அளவு நகரும். மதியம் ஏசி நின்றுபோனால் வரைபடம் மெல்ல வலப்பக்கம் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். அவளுடைய சோதனைச்சாலையிலும் இதே மாதிரிப் பெட்டி ஒன்று இருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் பொதுமொழி அதுதான்.

அன்று அவள் மடிக்கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். வரிக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் அதன் நிறம், பிரகாசம், அப்புறம் ‘பிளவு’ என்று ஒரு நெடுவரிசை. பெரும்பாலான வரிகளுக்குச் சிவப்புப் பூசியிருந்தது. சிவப்பென்றால் கழித்துப் போட்டது. ஒரு சில வரிகள் மட்டும் பச்சை. “இந்தப் பச்சையைத் தேடித்தான் வாரக்கணக்கா உக்காந்திருப்போம்” என்றாள்.

கால்சியம் உருண்டை, புள்ளி உருண்டை இல்லை

காலியம் ஆர்செனைடு படிகத்தின் மேல் இண்டியம் ஆர்செனைடை அணு அடுக்கு அடுக்காகப் படிய வைக்கிறார்கள். இரண்டுக்கும் அணி இடைவெளி ஏழு சதவீதம் ஒத்துவராது. ஒன்றிரண்டு அடுக்குவரை இண்டியம் ஆர்செனைடு பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இறுக்கம் தாங்காமல் குட்டிக் குட்டித் தீவுகளாகத் திரண்டுவிடும். அகலம் இருபது முப்பது நானோமீட்டர், உயரம் சில நானோமீட்டர். இதுதான் புள்ளி. எங்கே திரள வேண்டும், எவ்வளவு பெரிதாகத் திரள வேண்டும் என்பதெல்லாம் அதன் இஷ்டம். ஒரே சிப்பில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

இந்தச் சிறைக்குள் இரண்டு எலக்ட்ரான், இரண்டு துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) போட்டு அடைத்தால் அது பைஎக்சைட்டான். அது இரண்டு தாவலில் கீழே இறங்கும். முதல் தாவலில் ஒரு ஃபோட்டான். மிச்சம் ஓர் எலக்ட்ரான், ஒரு துளை. அதன் பெயர் எக்சைட்டான். அதுவும் ஒரு நானோசெகண்ட் வாக்கில் இறங்க, இரண்டாவது ஃபோட்டான் வரும். தொடக்கத்திலும் முடிவிலும் மொத்தச் சுழற்சி (spin) சுழி. அதனால் இரண்டு ஃபோட்டான்களின் சுழற்சியும் ஒன்றையொன்று ஈடுகட்டியே ஆக வேண்டும், ஆனால் எது எந்தப் பக்கம் என்பது முன்கூட்டி முடிவாகவில்லை. பின்னல் பிறப்பது இந்த இடத்தில். (ஃபோட்டானுக்குச் சுழற்சி உண்டு என்பதற்கு 1931இல் பகவந்தத்தோடு சேர்ந்து சோதனைச் சான்று வெளியிட்டவர் நம் ராமன். ராமன் விளைவைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை.)

இப்படி ஒரே பொருள் இரண்டு படியில் இறங்கும்போது ஜோடியைப் பிடிப்பது பழைய வித்தைதான். 1972இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1981, 82இல் ஆஸ்பேயும் கால்சியம் அணுவை வைத்துச் செய்தார்கள். 551 நானோமீட்டரில் ஒரு பச்சை, 423இல் ஓர் ஊதா. 2022 நோபல் பரிசில் கிளாசர், ஆஸ்பே இருவருக்கும் கிடைத்த பங்கின் வேர் அந்தக் கால்சியத்தில் இருக்கிறது. அதே காரியத்தை ஒரு சிப்பில், ஒரே ஒரு செயற்கை அணுவை வைத்து, பொத்தானை அழுத்தினால் ஒரு ஜோடி என்கிற கணக்கில் செய்யலாமே என்று 2000இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பென்சன், சாந்தோரி, பெல்ட்டன், யமமோட்டோ நால்வரும் எழுதினார்கள். படிகத்தில் லேசரைப் பாய்ச்சி ஜோடி எடுக்கும் வழக்கமான முறையில் ஜோடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேசரைக் கூட்டினால் ஒரே சமயத்தில் இரண்டு ஜோடி வந்து குழப்பும். புள்ளியில் அந்த வம்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பைஎக்சைட்டான்தான், ஒரு ஜோடிதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. 2002இல் செய்து பார்த்தபோது கிடைத்தது சாதாரண ஒற்றுமை மட்டும். ஒளி அதிரும் திசை, அதாவது போலரைசேஷன், ஒன்றுக்குக் கிடைமட்டமென்றால் மற்றதுக்கும் கிடைமட்டம், ஒன்றுக்குச் செங்குத்தென்றால் மற்றதுக்கும் செங்குத்து. சாய்வாக வைத்து அளந்தால் ஒற்றுமையே இல்லை. அதாவது பின்னல் இல்லை.

காரணம் எளிது. கால்சியம் அணு உருண்டை. புள்ளி உருண்டை இல்லை. இறுக்கத்தில் திரண்ட தீவு ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குறுகி, உள்ளே அணுக்கள் கலந்து, ஒரு தினுசாக நிற்கும். அதனால் நடுப்படியான எக்சைட்டான் ஒரே மட்டமாக இல்லாமல் இரண்டாகப் பிளந்துவிடும். கிடைமட்டப் பாதைக்கு ஒரு மட்டம், செங்குத்துப் பாதைக்கு இன்னொன்று. இடைவெளி சில பத்து மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். அந்த ஃபோட்டானின் மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஆனால் அந்த ஒளிக்கோட்டின் இயல்பான அகலமே ஒரு மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே. ஃபோட்டானின் ஆற்றல்தான் அதன் நிறம். ஆக, நிறத்தைக் கூர்ந்து பார்த்தால் எந்தப் பாதை என்று தெரிந்துவிடும். பாதை தெரிந்துவிட்டால் பின்னல் எங்கே நிற்கும்?

இந்தப் பிளவை எப்படி அளப்பாய் என்று கேட்டேன். காட்டினாள். அவர்களுடைய நிறமாலைமானிக்குப் பிளவைப் பிரித்துக் காட்டும் கூர்மை கிடையாது, ஒரே கோடாகத்தான் தெரியும். டிடெக்டருக்கு முன்னால், போலரைசேஷனின் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். திருப்பத் திருப்ப அந்தக் கோடு இடம் வலமாக ஆடும். கேமராவில் ஒரு பிக்சல்கூட நகராது, ஒரு பிக்சலில் சிறு பங்குதான். ஆனால் கோட்டின் மையத்தைக் கணக்கிட்டுத் தகட்டின் கோணத்துக்கு எதிராக வரைந்தால் அழகான சைன் அலை. அதன் வீச்சுதான் பிளவைச் சொல்கிறது. மூஞ்சியைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கண்ணுக்கு அசையாத ஒரு கோட்டின் ஆட்டத்திலிருந்து ஒரு புள்ளியின் தலையெழுத்தை எழுதுகிறார்கள்.

நிறமா, நேரமா

இந்தத் துறைப் பேச்சுகளில் பின்னல் கெடுவதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று மேலே சொன்னது, நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொன்று நேரக் கணக்கு. எக்சைட்டான் காத்திருக்கிற நேரத்தில் இரண்டு பாதைகளின் ஆற்றலும் வேறுவேறு என்பதால், ஒன்றுக்கொன்று அவற்றின் கட்டம் (phase, அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பது) சுழன்றுகொண்டே இருக்கும். முதல் ஃபோட்டானுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி இவ்வளவு என்றால் கட்டம் இவ்வளவு. பிளவு 20 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 நானோசெகண்ட். எக்சைட்டானோ சராசரியாக ஒரு நானோசெகண்ட் காத்திருக்கிறது. அதற்குள் கட்டம் ஐந்து சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு ஜோடியும் வேறுவேறு கட்டத்தில் வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கூட்டினால் கட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த இரண்டாவது விளக்கத்தைக் கேட்டபோதுதான் எனக்குள் பொறி தட்டியது. இதில் எந்த ஜோடியும் கெட்டுப்போகவில்லை! ஒவ்வொன்றும் அது வெளிவந்த இடைவெளிக்குரிய கட்டத்தில் முழுமையாகப் பின்னியே இருக்கிறது. கெடுப்பது நாம் கூட்டுகிற கூட்டல். ஓடுகிற மின்விசிறியை மெதுவான ஷட்டரில் படம் எடுத்தால் இறக்கை தெரியாது, ஒரு சாம்பல் வட்டம்தான் விழும். அதை வைத்து விசிறிக்கு இறக்கை இல்லை என்று யாராவது சொல்வோமா?

சரி, நிறம் காட்டிக்கொடுக்கிறது என்ற முதல் விளக்கம் அப்போது பொய்யா? இல்லை. இந்த இடத்தில் ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு ஃபோட்டானின் நேரத்தை முப்பது பிக்கோசெகண்டுக்குள் பிடித்துவிட்டால், அதன் ஆற்றல் பிளவு அளவுக்கே மங்கிவிடுகிறது. அப்புறம் யார் வந்தாலும் நிறத்தைப் பார்த்துப் பாதை சொல்ல முடியாது. மாறாக நிறத்தை ஒரு மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் வரை துல்லியமாகப் பிடித்தால் நேரம் நானோசெகண்ட் கணக்கில் மங்கும், கட்டம் எத்தனையாவது சுற்றில் இருந்தது என்று தெரியாது. இரண்டு விளக்கமும் ஒரே உறுதியின்மை விதியின் இரு முனைகள். டிடெக்டரின் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த முனையைப் பிடிக்கிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

இந்த வெளிச்சத்தில் பழைய வரலாற்றைப் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 2006இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புள்ளியிலிருந்து பின்னல் கிடைத்தது என்று அறிவித்தன. கேம்பிரிட்ஜில் தொஷிபா ஆய்வகத்தில் ஸ்டீவன்சன், ஷீல்ட்ஸ் குழு பிளவே இல்லாத மாதிரிப் புள்ளிகளைத் தேடிப் பிடித்தது, காந்தப் புலத்தால் பிளவைச் சுழியாக்கியும் பார்த்தது. இஸ்ரேலின் டெக்னியனில் கெர்ஷோனி குழு பிளவை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மெல்லிய கீற்றை மட்டும் வடிகட்டி எடுத்தது. பெரும்பாலான ஃபோட்டான்கள் குப்பைக்குப் போயின. முதல் வழி நல்ல புள்ளியைத் தேடுவது, இரண்டாவது வழி நிறத்தை வெட்டுவது. மூன்றாவது வழி நேரத்தை வெட்டுவது. 2008இல் அதே கேம்பிரிட்ஜ் குழு அதையும் செய்தது. பிளவுள்ள புள்ளியிலிருந்து வரும் ஜோடியின் நிலை நேரத்தோடு சுழல்வதை அளந்து காட்டியது. ஆக, நான் சொல்ல வந்ததில் புதுமை எதுவும் இல்லை. தெரிந்த விஷயம்தான். தெரிந்த பிறகும் ஏன் ‘இல்ல’ என்கிற பேச்சு போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மேக்ரி சர்க்கிள் பக்கம் ஓர் இளைஞர்

ஒருநாள் ஞாயிறு காலை அவளைக் கூட்டிக்கொண்டு சதாசிவ நகர் வழியாகப் போனேன். ராமன் ஆய்வு நிறுவனத்தின் மரங்கள் சாலைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, பஞ்சரத்தினத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் பெயர் தெரிந்திருந்தது, பாடப்புத்தகக் கோட்பாடாக. இருபதைத் தாண்டிய வயதில், ராமனின் சகோதரி மகன், இதே வளாகத்தில் உட்கார்ந்து, 1956இல் ஒரு கேள்வி கேட்டார்: போலரைசேஷன் வேறுவேறாக இருக்கும் இரண்டு கதிர்கள் ஒரே கட்டத்தில் இருக்கின்றன என்று எப்போது சொல்லலாம்? ஒரே போலரைசேஷன் என்றால் கேள்வியே இல்லை. வேறு என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அவர் சொன்ன பதில் சோதனைக்காரனின் பதில். இரண்டையும் சேர்த்துப் பார், செறிவு உச்சமாக இருக்கும்போது அவை ஒரே கட்டத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள். அதிலிருந்து போலரைசேஷனை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்தால் ஒளியில் ஒரு கூடுதல் கட்டம் மிஞ்சும் என்பதையும் கண்டார். 1984இல் பெர்ரி குவாண்டம் உலகில் இதே வகைக் கட்டத்தைப் பொதுவாக நிறுவிய பிறகுதான் உலகம் திரும்பி பெங்களூருவைப் பார்த்தது. அதற்குள் பஞ்சரத்தினம் போய்ப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது, 1969இல், முப்பத்தைந்து வயதில்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், கட்டம் என்பது ஒப்பிடுகிற செயலில்தான் பொருள் பெறுகிறது. கிடைமட்டப் பாதையையும் செங்குத்துப் பாதையையும் ஒப்பிட, இரண்டையும் கலக்கும் ஒரு சாய்வான போலரைசர் வேண்டும். புள்ளியின் விஷயத்தில் அதோடு ஒரு கடிகாரமும் வேண்டும். கடிகாரம் மந்தமாக இருந்தால் ஒப்பீடே நடக்கவில்லை என்று அர்த்தம். ஒப்பிடாமலேயே ‘கட்டம் இல்லை’ என்று எழுதுவது சரியா? இப்படித்தான் வண்டிக்குள் உட்கார்ந்து வாதாடினேன். அவள் சிரித்தாள். “நீங்க டைமிங் பெட்டி விக்கிறவர், அப்படித்தான் பேசுவீங்க.”

ஒரே புள்ளி, இரண்டு வரைபடம்

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவளே ஒரு கோப்பைத் திறந்தாள். அவர்கள் சோதனைச்சாலைக்குப் புதிதாக மீக்கடத்தி நானோகம்பி டிடெக்டர்கள் வந்தபோது, சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு புள்ளி தேவைப்பட்டிருக்கிறது. பச்சைப் புள்ளிகளை யாரும் தரவில்லை. அவற்றில் வேறு அளவீடு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சிவப்பு வரியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள், பிளவு 20 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் வாக்கில் உள்ள ஒன்று. அதே புள்ளியைப் பழைய சிலிக்கான் அவலாஞ்ச் டிடெக்டர்களில் முன்பு அளந்த வரைபடமும் கோப்பில் இருந்தது.

முதலில் பழையது. முதல் ஃபோட்டான் வந்ததும் கடிகாரம் தொடங்கும், இரண்டாவது வந்ததும் நிற்கும். இரண்டு போலரைசரும் சாய்வாக. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு வளைகோடு, எதிரெதிராகச் சாய்ந்திருந்தால் இன்னொன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, வழவழவென்று, சரிந்து இறங்கின. ஒற்றுமை பூஜ்யம். அந்த டிடெக்டர்களின் நேரத் தடுமாற்றம், அதாவது ஃபோட்டான் வந்த நேரத்தைச் சொல்வதில் வரும் பிசகு, 350 பிக்கோசெகண்ட் அளவில். கட்டமோ அதற்குள் ஒன்றே முக்கால் சுற்று சுற்றிவிடுகிறது. இதை வைத்துத்தான் அந்த வரி சிவப்பானது.

பிறகு புதியது. தடுமாற்றம் முப்பது பிக்கோசெகண்ட் அளவுதான். அதே புள்ளி, அதே ஐந்து கெல்வின் குளிர், அதே லேசர். இறங்குகிற சரிவின் மேல் அலை அலையாக மேடும் பள்ளமும். ஒரே பக்கச் சாய்வின் கோடு மேட்டில் நிற்கும் இடத்தில் எதிர்ச் சாய்வின் கோடு பள்ளத்தில். அடுத்த நூறு பிக்கோசெகண்டில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. வால் தேய்ந்து இரைச்சலில் கலக்கும்வரை இந்த ஆட்டம் நடக்கிறது. மவுஸால் ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை இழுத்தேன். திரை 207 பிக்கோசெகண்ட் என்றது. பிளாங்க் மாறிலியைப் பிளவால் வகுத்தால் வருகிற அதே எண்.

நான் இத்தனை வருடம் விற்ற பெட்டிகளின் தரக்குறிப்பில் தடுமாற்றம் என்ற எண்ணை எழுதியிருக்கிறேன். அது குறைந்தால் வாடிக்கையாளர் மகிழ்வார், விலை கூடும், அவ்வளவுதான் அதற்கு என் மனதில் இருந்த இடம். ஒரு பொருளில் பின்னல் உண்டா இல்லையா என்கிற பேச்சே அந்த எண்ணைப் பொறுத்துத் திரும்பும் என்பதை இந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உடம்பில் உணர்ந்தேன். அறிவுக்குத் தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அந்தச் சிவப்பு வரியில் எழுதியிருந்தது புள்ளியின் குணம் மட்டும் இல்லை. பழைய டிடெக்டரின் குணமும் சேர்ந்துதான். ஆனால் பட்டியலில் டிடெக்டருக்கென்று ஒரு நெடுவரிசையே கிடையாது.

“இருக்கு, ஆனா கைக்கு வரலையே”

அவள் இதற்கெல்லாம் அசரவில்லை. “இருக்குன்னு ஒத்துக்கறேன் சித்தப்பா. ஆனா எடுத்து ஒருத்தர் கையில குடுக்க முடியலையே, அது இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?”

அவள் பக்க நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அது வலுவானது. ரகசியச் சாவி பரிமாற்றத்துக்கு என்றால் என் வாதம் ஓரளவு செல்லும். இரண்டு ஃபோட்டானும் அளந்து முடிந்த பிறகு நேர முத்திரையைப் பார்த்து, இந்த ஜோடிக்கு ஒற்றுமை, அந்த ஜோடிக்கு எதிர் ஒற்றுமை என்று பிரித்துக்கொள்ளலாம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் விழுந்தவற்றை விட்டுவிடலாம். ஆனால் ஒரு ஃபோட்டானின் நிலையைத் தூரத்தில் இன்னொன்றுக்கு மாற்றும் குவாண்டம் தொலைப்பெயர்ப்போ (teleportation), தூரத்து இரண்டு முனைகளைக் கோக்கும் ரிப்பீட்டரோ என்றால், ஜோடியில் ஒன்றை அளக்கும்போது மற்றது இன்னும் வேலை செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறது. கட்டம் என்ன என்று நமக்குத் தெரிவதற்குள் அது ஃபைபரில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபைபரிலும் ஒரு நானோசெகண்டுக்கு 20 சென்டிமீட்டர்தான். என் கேபிள் கணக்கேதான். மின்சுற்று முடிவெடுத்து, மாடுலேட்டருக்குச் சொல்லி, கட்டத்தைத் திருத்த வேண்டும் என்றால் ஃபைபரைச் சுருட்டி வைத்து அதுவரை அதைத் தாமதப்படுத்த வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் ஒவ்வொரு சுருளிலும் இணைப்பிலும் ஃபோட்டான் தொலையும்.

அதைவிட, புள்ளியையே திருத்திவிடலாம் என்பது அவர்கள் வழி. இதில் நான் ரசித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே ஒரு திருகு, மின்புலமோ ஒரு திசை இழுப்போ, அதை வைத்துப் பிளவைக் குறைத்துக்கொண்டே போனால் பொதுவாகச் சுழிக்கு வராது. கிட்டே வந்து, அச்சு திரும்பிக்கொண்டு, மறுபடி ஏறத் தொடங்கிவிடும். பிளவுக்கு அளவு ஒன்று, திசை ஒன்று, இரண்டு எண்கள். ஆகவே இரண்டு திருகு வேண்டும். 2012இல் திரோட்டா, ரஸ்தெல்லி முதலியோர் இழுவிசையையும் மின்புலத்தையும் சேர்த்து இதைச் செய்து காட்டினார்கள். பிறகு ஆஸ்திரியாவின் லின்ஸில், அலுமினியத் துளி அரித்த குழியில் காலியம் ஆர்செனைடை நிரப்பிப் புள்ளி செய்தார்கள். அதில் இறுக்கமே கிட்டத்தட்டக் கிடையாது, வடிவமும் ஒழுங்கு. எக்சைட்டானும் கால் நானோசெகண்டிலேயே இறங்கிவிடும், கட்டம் சுழல அவகாசமே இல்லை. அதை மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ தகட்டில் ஒட்டி இழுத்து, 2018இல் 0.978 ஒப்புமை (கிடைத்த நிலை முழுப் பின்னலுக்கு எவ்வளவு நெருக்கம் என்ற எண், 1 என்றால் முழுமை) வரை போனார்கள். வெறும் சாதாரண ஒற்றுமைக்கு இந்த எண் 0.5க்கு மேல் போகாது. 2021இல் ரோமின் சப்பியன்சா பல்கலைக்கழகத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 250 மீட்டர் ஃபைபரிலும், லின்ஸில் 350 மீட்டர் ஃபைபரிலும் இத்தகைய புள்ளிகளை வைத்து ரகசியச் சாவி அனுப்பியாயிற்று.

வெளியே எடுக்கும் பிரச்சினை வேறு. காலியம் ஆர்செனைடின் ஒளிவிலகல் எண் மூன்றரை. உள்ளே பிறந்த ஃபோட்டான்களில் இரண்டு சதவீதம் வெளியே வந்தால் பெரிது, மிச்சம் உள்ளேயே எதிரொளித்துத் தொலையும். ஜோடி வேண்டுமென்றால் இரண்டும் வர வேண்டும், அப்போது இரண்டு சதவீதத்தில் இரண்டு சதவீதம். புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாகக் காடி வெட்டி, 2019இல் சீனக் குழுக்கள் ஜோடியை 60, 65 சதவீதம் வரை வெளியே எடுத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததில் நேரத்தை வெட்டுகிறேன் என்று பாதியை நான் எறிந்தால் அவளுக்குக் கோபம் வராதா?

சரி, பிளவைச் சுழியாக்கியாயிற்று, ஃபோட்டானும் வெளியே வந்தாயிற்று, இனி நேரத்துக்கு வேலை இல்லையே என்று கொஞ்சம் வம்புக்குக் கேட்டேன். “அங்கதான் சித்தப்பா இருக்கு” என்று காகிதத்தை எடுத்தாள். ரிப்பீட்டருக்கு இரண்டு வேறு புள்ளிகளின் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆனால் படியிறக்கத்தில் இரண்டாவது ஃபோட்டான் எப்போது கிளம்பும் என்பது முதலாவது எப்போது கிளம்பியது என்பதைப் பொறுத்தது. போலரைசேஷனில் நாம் கேட்ட பின்னலோடு, கேட்காத ஒரு பின்னல் நேரத்திலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிளவு சுழியாக இருந்தாலும் இது போகாது. பைஎக்சைட்டான் இயல்பாகவே எக்சைட்டானைவிட இரண்டு மடங்கு வேகமாக இறங்கும். அந்த விகிதத்தில் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. எவ்வளவு நல்ல புள்ளி, எவ்வளவு குளிர் என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை.

அப்படியென்றால் முதல் தாவலை மட்டும் வேகப்படுத்த வேண்டும், அதன் நிறத்துக்கு மட்டும் ஒத்திசைகிற குழியில் (ஒளியைத் திரும்பத் திரும்ப எதிரொளிக்கும் சிறு கூடு, cavity) புள்ளியை வைத்தால் ஆயிற்று என்றேன். “வைக்கலாம். ஆனா அந்தக் குழி இரண்டாவது நிறத்தை வெளியே விடாது. இரண்டையும் விடற மாதிரி அகலமா செஞ்சா இரண்டும் சேர்ந்து வேகமாகும், விகிதம் அப்படியே நிக்கும்.” வேகத்தில் இரண்டும் வேறாக, வெளியே வருவதில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு மூன்று வடிவம் கிறுக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நிறம் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் பத்து பிக்கோசெகண்ட் தடுமாற்றத்தில் பெட்டி எப்போது வரும் என்று கேட்டாள், விலையையும் கேட்டாள். மாணவர் தள்ளுபடி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.